எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வேலைக்குத் திரும்புவது: லீவ் எழுதுவதிலிருந்து முதல் வருடம் வரை

"எத்தனை நாள் லீவ் சொல்லட்டும் டாக்டர்?" எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்ததும் பெரும்பாலானவர்கள் கேட்கும் கேள்வி இது. பதிலும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும்: உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால் இரண்டு வாரம், உடலுழைப்பு என்றால் நான்கிலிருந்து ஆறு வாரம்.

பதில் தப்பில்லை. ஆனால் அது வயிற்றின் மேலே இருக்கும் காயங்களுக்கான கணக்கு. இதில் பரவலாகச் செய்யப்படும் ஸ்லீவ், இரைப்பை பைபாஸ் என்ற இரண்டு வகைகளில் எது ஆனாலும் இன்று லேப்ராஸ்கோபியில்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். நாலைந்து சின்னத் துளைகள், ஆஸ்பத்திரியில் இரண்டு மூன்று நாள், அவ்வளவுதான். துளைகள் சீக்கிரம் ஆறிவிடும். உள்ளே இருக்கும் புது வயிறு தண்ணீர் குடிக்கப் பழகுவதற்குத்தான் நேரம் பிடிக்கும். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்கை எடுத்துவிடுகிறார்கள். பைபாஸில் சுமார் 30 மில்லி கொள்ளும் ஒரு சின்னப் பையை மட்டும் விட்டுவைக்கிறார்கள். ஒரே மூச்சில் குடித்த ஒரு டம்ளர் தண்ணீருக்கு இப்போது அரை மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும் என்றால், விழித்திருக்கும் நேரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் இதுவே ஒரு வேலை. ஆபீஸில் இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும்.

அதனால் என் யோசனை இது: காலண்டரைப் பார்த்து வேலைக்குத் திரும்ப வேண்டாம், தண்ணீர் பாட்டிலைப் பார்த்துத் திரும்புங்கள். கீழே இருப்பதெல்லாம் அந்தக் கணக்கில் எழுதியது. தமிழ்நாட்டில் கடையிலோ ஆபீஸிலோ தொழிற்சாலையிலோ சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். உங்கள் அறுவை சிகிச்சை நிபுணர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதே சரி, உங்கள் வயிற்றை உள்ளே பார்த்தவர் அவர்தான்.

படி 1: தேதியை வேலையோடு சேர்த்துக் குறியுங்கள்

இது அவசர ஆபரேஷன் இல்லை. தேதியை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம் என்பதே பெரிய வசதி. ஜவுளிக்கடையில் இருப்பவர் ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் முன்னால் வைத்துக்கொண்டால், காயம் முழுதாக ஆறுவதற்குள் கூட்டத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும். கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு மார்ச் ஆகாது. ஆசிரியர்கள் மே விடுமுறையைக் குறி வைப்பார்கள். லீவுக்கு அது நல்ல கணக்கு. ஆனால் கத்திரி வெயிலில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் குடிப்பது கொடுமை, ஆகவே ஏப்ரல் கடைசியிலேயே முடித்துக்கொள்வது நல்லது. வெயிலில் சுற்றும் வேலை என்றால் கோடையைத் தவிர்த்துவிடுங்கள்.

பலர் மறந்துவிடுவது ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்களை. கல்லீரலின் அளவைக் குறைப்பதற்காக ஒன்று இரண்டு வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுப்பது பல மருத்துவமனைகளில் வழக்கம். அந்த நாட்களில் நீங்கள் வேலையில்தான் இருப்பீர்கள். தலைவலி, எரிச்சல், மதியம் மூன்று மணிக்குக் கண்ணைக் கட்டும் சோர்வு எல்லாம் வரும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இந்தக் கட்டத்திலேயே அளவை மாற்ற வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் வேலை நேரத்தில் லோ சுகர் ஆகிவிடும். முக்கியமான மீட்டிங், வெளியூர்ப் பயணம் எதையும் அந்த இரண்டு வாரத்தில் வைக்காதீர்கள்.

படி 2: காகித வேலை

முதலில் காப்பீடு. உடல் பருமன் சிகிச்சையைப் பாலிசிகள் பொதுவாக விலக்கிவைக்கும். ஆனால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்திருக்கும் நிபந்தனைகள் பொருந்தினால் அந்த விலக்கு பொருந்தாது. மருத்துவர் பரிந்துரைத்திருக்க வேண்டும், வயது 18 ஆகியிருக்க வேண்டும், பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் குறியீடு) 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 40 இல்லாமல் 35-ஆவது இருந்தால், அதோடு இதயத் தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்பது), கட்டுக்குள் வராத இரண்டாம் வகைச் சர்க்கரை இவற்றில் ஒன்று இருந்து, மற்ற சிகிச்சைகள் பலன் தராமல் போயிருக்க வேண்டும். இங்கேதான் சிக்கல் வரும். அமெரிக்க, சர்வதேசப் பேரியாட்ரிக் (எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை) சங்கங்கள் 2022-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் 35-க்கு மேல் வேறு நோயே இல்லாவிட்டாலும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது, ஆசிய மக்களுக்கு 27.5-இலிருந்தே யோசிக்கலாம் என்கிறது. மருத்துவர் "உங்களுக்குச் செய்யலாம்" என்று சொல்வதும் காப்பீட்டு நிறுவனம் பணம் தருவதும் வேறு வேறு. கேஷ்லெஸ் அனுமதி எழுத்தில் கையில் வரும்வரை தேதியை உறுதி செய்யாதீர்கள். கம்பெனியின் குரூப் பாலிசி என்றால் பேரியாட்ரிக் பற்றித் தனி வரி இருக்கிறதா என்று பாருங்கள், உச்சவரம்பு இருக்கலாம்.

அடுத்தது விடுப்பு. கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வருபவர்களுக்குத் தமிழ்நாட்டில் வருடத்துக்கு 12 நாள் நோய் விடுப்பும் 12 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு, ஒரு வருடம் முடித்தவர்களுக்குச் சம்பளத்தோடு மேலும் 12 நாள். கம்பெனி விதி இதைவிடத் தாராளமாகவும் இருக்கலாம். அரசு ஊழியர்கள் மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு எடுக்கலாம், திரும்பச் சேரும்போது தகுதிச் சான்று கட்டாயம். தொழிலாளர் அரசுக் காப்பீடான இஎஸ்ஐ-யின் கார்டு இருந்தால் (மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் என்பது 2017 முதல் இருக்கும் வரம்பு) நோய்க்கால உதவித்தொகையாகச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். தேவையான அளவு சந்தா கட்டியிருக்க வேண்டும், சான்றும் இஎஸ்ஐ மருத்துவர் வழியாகத்தான் வர வேண்டும். தனியார் ஆஸ்பத்திரியில் செய்வதாக இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே டிஸ்பென்சரிக்குப் போய்ப் பேசிவிடுங்கள். முடிந்த பிறகு டிஸ்சார்ஜ் சம்மரியைத் தூக்கிக்கொண்டு போனால் இழுத்தடிப்பார்கள்.

எவ்வளவு நாள் கேட்பது? மருத்துவர் சொன்னதோடு ஒரு வாரம் சேர்த்துக் கேளுங்கள். முன்கூட்டியே திரும்பி வந்தால் யாரும் கோபப்பட மாட்டார்கள். லீவை நீட்டிக்கச் சொல்லி வாந்தியோடு படுத்துக்கொண்டே மெயில் எழுதுவதுதான் கஷ்டம். மாத்திரைச் சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, சான்றிதழ்கள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து போனில் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: யாரிடம், எவ்வளவு சொல்வது

சட்டப்படி உங்கள் சகஊழியர்களுக்கு எதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. மேலதிகாரிக்குத் தெரிய வேண்டியது எத்தனை நாள் வரமாட்டீர்கள், வந்த பிறகு எதைச் செய்ய முடியாது என்பது மட்டும். சான்றிதழில் "வயிற்றில் லேப்ராஸ்கோபி அறுவை சிகிச்சை" என்று எழுதித் தரச் சொன்னால் பல மருத்துவர்கள் எழுதித் தருவார்கள், அது பொய்யும் இல்லை. காப்பீட்டு விவரம் எச்.ஆர். வழியாகப் போகும் என்றால் அங்கே ஒருவருக்குத் தெரியத்தான் செய்யும். "இது வெளியே போகக் கூடாது" என்று எழுத்தில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள். நம் ஆபீஸ்களில் வாயால் சொன்ன ரகசியம் மதியச் சாப்பாட்டுக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஒரே ஒருவரிடமாவது முழுதாகச் சொல்லிவிடுங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. பக்கத்து மேசைக்காரரோ ஷிஃப்டில் கூட நிற்பவரோ யாராவது ஒருவர் போதும். நீங்கள் திடீரென்று வியர்த்து மயங்கினால் அது வெறும் களைப்பு இல்லை, ஆஸ்பத்திரிக்கு என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் உடல் பருமன் இல்லை. அந்தச் சட்டத்தைக் காட்டிப் பணியிடச் சலுகை கேட்க முடியாது. மருத்துவர் எழுதித் தரும் கடிதம்தான் உங்கள் ஆயுதம். "ஆறு வாரத்துக்கு 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும், தண்ணீர் பாட்டில் கையில் இருக்க வேண்டும், இடைவேளையில் சிறிது சாப்பிட வேண்டும்" என்று தெளிவாக, வரிவரியாக எழுதி வாங்குங்கள். "லைட் டியூட்டி" என்று மட்டும் எழுதிய சீட்டை ஒவ்வொரு சூப்பர்வைசரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்வார். கடையில் நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பிடி உண்டு: 2021-இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத் திருத்தத்தின்படி ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வைத்தாக வேண்டும். நாற்காலி கேட்பது சலுகை இல்லை.

படி 4: வீட்டில் ஒத்திகை

முதல் இரண்டு வாரம் திரவ உணவுதான். தெளிந்த மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், காய்கறி சூப், இளநீர், மருத்துவர் சொன்ன புரோட்டீன் பவுடர். பிறகு மசித்த உணவு, ஐந்து ஆறு வாரம் ஆகும்போது மென்மையான உணவு, இரண்டு மாதம் ஆகும்போது ஓரளவு எல்லாமும் என்று போகும். இந்தக் கட்டங்களின் நீளம் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும்.

நடப்பதை விடாதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு காலில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு, வீட்டுக்குள்ளேயே அடிக்கடி எழுந்து நடப்பதுதான் அதற்கு முதல் மருந்து. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மடிக்கணினிதானே என்று ஐந்தாம் நாளே திறந்துவிடுவார்கள். ஒரு மீட்டிங், இன்னொரு மீட்டிங், மூன்று மணி நேரம் ஒரே இடம், பாட்டில் அப்படியே நிறைந்து இருக்கும். ஆபீஸுக்குப் போவதைவிட இது மோசம், அங்கேயாவது டீக்காவது எழுந்து போவோம்.

திரும்புவதற்கு முன் மூன்று நாள் ஒத்திகை பாருங்கள். வேலை நாளில் எழும் நேரத்துக்கு எழுந்து, குளித்து, வேலைக்குப் போகும் உடையைப் போட்டுக்கொண்டு, ஆபீஸ் நேரம் முழுக்க நாற்காலியில் உட்காருங்கள். நின்று பார்க்கும் வேலை என்றால் நின்று பாருங்கள். அரை மணி நேரத்துக்குள் மதிய உணவை முடிக்க முடிகிறதா? மூன்று மாடி ஏறினால் தலை சுற்றுகிறதா? சாயங்காலத்துக்குள் ஒன்றரை லிட்டர் உள்ளே போனதா, சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா? படுத்து எழும்போது கண் இருட்டுகிறதா? மூன்று நாளும் தேறினால் போகலாம். இரண்டாம் நாள் மதியமே படுத்துவிட்டீர்கள் என்றால், தையல் எவ்வளவு அழகாக ஆறியிருந்தாலும் இன்னும் ஒரு வாரம் வேண்டும்.

படி 5: எந்த வேலைக்கு எப்போது

மேசை வேலை: இரண்டிலிருந்து மூன்று வாரம். முடிந்தால் புதன் அல்லது வியாழன் அன்று சேருங்கள், இரண்டு மூன்று நாளில் சனி ஞாயிறு வந்துவிடும். முதல் வாரம் அரை நாள் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

நின்று பார்க்கும் வேலை, அதாவது ஆசிரியர், சேல்ஸ், வரவேற்பு: மூன்றிலிருந்து நான்கு வாரம். ஆசிரியர்களுக்குத் தொண்டையும் வறளும், வகுப்பின் நடுவில் ஒரு மடக்கு குடிப்பதில் கூச்சம் வேண்டாம்.

தூக்கும் வேலை: ஆறு வாரத்துக்குக் குறையாமல். சுமை ஏற்றி இறக்குபவர்கள், கட்டட வேலை, நோயாளியைத் திருப்பிப் போடும் செவிலியர், அண்டா இறக்கும் சமையல்காரர் எல்லோரும் இதில் வருவார்கள். சேலைக் கட்டுகளை மேல் அடுக்கிலிருந்து இறக்கும் ஜவுளிக்கடைக்காரரும்தான். அவசரப்பட்டால் துளை போட்ட இடத்தில் குடலிறக்கம் வரலாம். ஆறு வாரம் முடிந்த மறுநாளே ஐம்பது கிலோ மூட்டை என்பதும் கூடாது. எடை குறையும்போது தசையும் சேர்ந்து குறைகிறது, பழைய பலம் உடனே இருக்காது.

வண்டி ஓட்டும் வேலை: திடீரென்று பிரேக்கை அழுத்தினால் வயிறு வலிக்காத நிலை வர வேண்டும், மயக்கம் தரும் வலி மாத்திரைகள் நின்றிருக்க வேண்டும், சர்க்கரை நோயாளி என்றால் புது மருந்தளவில் சர்க்கரை நிலையாக இருக்க வேண்டும். மூன்றும் சேராமல் ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். வேலைக்குப் போய்வர மட்டும் டூவீலர் ஓட்டுபவர்களும் நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர்களை நினைத்து இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாம். பஸ், மின்சார ரயில் என்றால் நெரிசல் நேரத்தைத் தவிர்த்து அரை மணி முன்னதாகக் கிளம்புங்கள். வயிற்றில் ஒரு முழங்கை இடித்தால் போதும்.

இரவு ஷிஃப்ட்: முதல் இரண்டு மாதம் பகல் ஷிஃப்ட் கேளுங்கள். உணவு, மாத்திரை, தூக்கம் மூன்றும் ஒரே சமயத்தில் புதிதாகப் பழக வேண்டிய காலம் இது. ஸ்லீப் ஆப்னியாவுக்கு சிபாப் இயந்திரம் (தூங்கும்போது காற்றை அழுத்தித் தருவது) வைத்திருப்பவர்கள் எடை குறைகிறதே என்று தாமாகவே நிறுத்திவிடக் கூடாது, மறு பரிசோதனைக்குப் பிறகுதான்.

படி 6: ஆபீஸ் நாளை எப்படி ஓட்டுவது

சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது என்பது எல்லா மருத்துவர்களும் சொல்லும் விதி. சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் கழித்துத்தான். ஒரு நாளில் ஐந்தாறு முறை சிறிது சிறிதாகச் சாப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்தால், தண்ணீருக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு குறைவு என்பது புரியும். மசித்த உணவுக் கட்டத்தில் இருக்கும் ஒருவருக்கு ஒரு மாதிரி நாள்:

6.30: எழுந்ததும் வெந்நீர், ஒரு மணி நேரத்தில் 200 மில்லி
7.45: நன்றாக மசித்த முட்டை, அல்லது புரோட்டீன் கலந்த பால்
8.30 முதல் 10.30 வரை: பயணத்திலும் மேசையிலுமாக 400 மில்லி
11.00: கெட்டித் தயிர் அல்லது மோரில் கலந்த புரோட்டீன்
11.30 முதல் 12.45 வரை: 250 மில்லி
1.00: மசித்த பருப்பு, மசித்த மீன் அல்லது பனீர், ஓரிரு ஸ்பூன் குழைந்த சாதம்
1.50 முதல் 4.00 வரை: 400 மில்லி
4.15: பருப்பு சூப்
வீடு திரும்பிய பிறகு: மீதித் தண்ணீர், இரவு உணவு

வரிசையில் முதலில் புரோட்டீன், கடைசியில் சாதம். ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரோட்டீன் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய 6, 100 கிராம் பனீரில் சுமார் 18, அதே அளவு மீனில் 20. ஒரு இட்லியில் 2 கிராம்தான். "ரெண்டு இட்லி சாப்பிட்டேன், வயிறு நிறைஞ்சிடுச்சு" என்று சந்தோஷப்படும்போது அங்கே 4 கிராம்தான் போயிருக்கிறது, இடமும் போய்விட்டது. சைவர்கள் புரோட்டீன் பவுடரை மாதக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மெதுவாகச் சாப்பிடுவதற்கு நேரம் வேண்டும். ஒரு சின்னக் கிண்ணத்துக்கு இருபது முப்பது நிமிடம். ஆபீஸில் பேச்சு சுவாரசியத்தில் நாலு வாய் வேகமாகப் போட்டால் நெஞ்சில் அடைக்கும், அப்புறம் வாய் நிறைய எச்சில், அப்புறம் பாத்ரூம். முதல் ஒரு மாதம் தனியாகச் சாப்பிடுவதே உத்தமம்.

பைபாஸ் செய்தவர்களுக்கு முக்கியமாக, ஸ்லீவ் செய்தவர்களில் சிலருக்கும், டம்பிங் என்று ஒன்று வரும். இனிப்பு சாப்பிட்ட பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு. இன்னொரு வகை ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வரும், அது லோ சுகர். காலையில் ஆபீஸில் வந்த பிறந்தநாள் கேக்குக்கும் மதியம் மீட்டிங்கில் கை நடுங்கியதற்கும் சம்பந்தம் உண்டு என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை.

மாத்திரைகளுக்கு போனில் அலாரம் வையுங்கள். இரும்புச்சத்தும் கால்சியமும் ஒன்றாகப் போகக் கூடாது, குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையை டீ காபியோடும் சேர்க்கக் கூடாது. பி12, டி, மல்டிவிட்டமின் எல்லாம் பைபாஸ் ஆனவர்களுக்கும் ஸ்லீவ் ஆனவர்களுக்கும் வாழ்நாள் முழுக்க. ஆபீஸ் முதலுதவிப் பெட்டியிலும் பக்கத்து மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கும் உடம்பு வலி மாத்திரைகளில் டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்றவை இருக்கும். இவை, அதுவும் பைபாஸுக்குப் பிறகு, வயிற்றில் புண் உண்டாக்கும். தலைவலி என்றால் பாராசிட்டமால் மட்டும்.

படி 7: கேன்டீனும் ட்ரீட்டும்

நம் வேலையிடங்களில் அன்பு சாப்பாடாகத்தான் வெளிப்படும். ப்ரமோஷனுக்கு பிரியாணி, குழந்தை பிறந்தால் லட்டு, ஆயுத பூஜைக்குப் பொரியும் சுண்டலும், ஊருக்குப் போய்வந்தால் அல்வா. வேண்டாம் என்று சொன்னால் மனசு கஷ்டப்படும். "ஒரே ஒரு வாய்" என்று டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டும் அக்காவிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். "டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்கார் அக்கா" என்ற ஒரே வாக்கியம் போதும். டயட் என்றால் விவாதம் வரும், டாக்டர் என்றால் வராது. இனிப்பு கையில் திணிக்கப்பட்டால் "வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

டீ நேரத்தை விட்டுவிட வேண்டாம், டீயை மட்டும் விடுங்கள். பல மருத்துவர்கள் முதல் மாதமாவது டீ காபி வேண்டாம் என்பார்கள். கடைக்கு எல்லோரோடும் நடந்து போய், கையில் உங்கள் பாட்டிலோடு நில்லுங்கள். வேலை நடப்பதே பாதி அங்கேதானே. சோடா, கோலா வகைகள் வயிற்றை உப்ப வைக்கும், தொடவே வேண்டாம்.

மது பற்றிக் கறாராகச் சொல்ல வேண்டும். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு ஆல்கஹால் முன்பைவிட வேகமாகவும் அதிகமாகவும் ரத்தத்தில் ஏறும். பழைய கணக்கில் "ரெண்டுதானே" என்று டீம் பார்ட்டியில் குடித்துவிட்டு பைக்கை எடுத்தவருக்கு அது ரெண்டு இல்லை. சாப்பாட்டில் கிடைத்த ஆறுதல் போனதும் சிலருக்குக் குடி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வதும் மருத்துவர்கள் அறிந்த விஷயம்தான்.

படி 8: லீவ் கேட்காமல் கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

வேலைக்குத் திரும்பிவிட்டோம் என்பதாலேயே ஆபத்து முடிந்துவிடவில்லை. ஓய்வில் இருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டுவது, காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, இடது தோள்பட்டைக்குப் பரவும் வலி: இவை வயிற்றுக்குள்ளே தையல் போட்ட இடத்தில் கசிவு என்பதற்கான அடையாளமாக இருக்கலாம். ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டியாக இருக்கலாம். கறுப்பாக மலம் போவது உள்ளே ரத்தம் கசிவதைக் காட்டும். (இரும்பு மாத்திரையாலும் கறுக்கும், ஆனால் அதை நீங்களே முடிவு செய்ய வேண்டாம்.) இவற்றுக்கு "ஷிஃப்ட் முடியட்டும்" என்று காத்திருக்கக் கூடாது. நேராக ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே போங்கள், முடியாவிட்டால் 108.

நாள்கணக்கில் வாந்தி நிற்காமல் இருப்பதும் அவசரம்தான். தயமின் என்னும் பி1 சத்து குறைந்து நரம்புகளையும் மூளையையும் பாதிக்கும். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது வரை விட்டுவைத்தால் முழுதாகச் சரியாகாமல் போகலாம். இந்த நிலையில் எங்கே போனாலும் "பேரியாட்ரிக் சர்ஜரி ஆகியிருக்கிறது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

படி 9: மூன்றாம் மாதம் முதல்

இப்போது வேலை பழகியிருக்கும். கண்கள் உங்கள் மேல் திரும்பும். "என்ன சார் இப்படி இளைச்சுட்டீங்க, சுகரா?" என்று லிஃப்டில் கேட்பார்கள். சிலர் குரலைத் தாழ்த்தி "ஒண்ணும் பிரச்சனை இல்லையே?" என்பார்கள், அவர்கள் மனதில் ஓடுவது புற்றுநோய். விஷயம் தெரிந்த சிலர் "ஆபரேஷன் பண்ணிக்கிட்டா யார் வேணா இளைக்கலாம்" என்று ஜாடை பேசுவார்கள். இந்த மூன்று வகைக்கும் ஒரே பதிலை முன்பே தயார் செய்துகொள்ளுங்கள்: "வயித்துல ஒரு ஆபரேஷன் ஆச்சு, இப்ப நல்லாயிருக்கேன்." சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடலாம். உண்மையை வெளிப்படையாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், அதுவும் நல்ல வழிதான். ஆனால் ஒருமுறை சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது, எனவே நிதானமாக முடிவெடுங்கள்.

முடி கொட்டும். மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை கொத்தாக வரும், பிறகு பெரும்பாலும் திரும்ப வளரும். புரோட்டீனும் இரும்பும் சரியாக இருந்தால் சீக்கிரம் நிற்கும். ஏசி முன்பைவிடக் குளிராகத் தோன்றும், ஒரு ஸ்வெட்டரை மேசையில் வையுங்கள். துணிகள் மாதத்துக்கு ஒரு அளவு இறங்கும், புதிதாக அள்ளி வாங்காமல் தையல்காரரிடம் பிடித்துத் தைத்துக்கொண்டே வாருங்கள். முகம் பார்த்து வருகை பதியும் இயந்திரம் உங்களை அடையாளம் தெரியாமல் போனால் எச்.ஆரிடம் சொல்லி முகத்தை மறுபடி பதியச் சொல்லுங்கள், சம்பளம் பிடித்த பிறகு போய்ச் சண்டை போட வேண்டாம்.

தொழிற்சாலையில் இருப்பவர்களுக்கு இது சிரிப்பான விஷயம் இல்லை. பாதுகாப்பு பெல்ட், முகத்தோடு ஒட்ட வேண்டிய சுவாசக் கவசம், பூட்ஸ், கையுறை எல்லாமே தளர்ந்திருக்கும். சுழலும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தொளதொள சட்டை உயிரை வாங்கிவிடும். எடை வேகமாகக் குறையும் முதல் ஆறு மாதம், மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். விரலில் நழுவும் மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வையுங்கள்.

ரத்த அழுத்த மாத்திரையின் தேவையும் குறையும். நாற்காலியிலிருந்து எழும்போது கண் இருட்டினால் பழைய சீட்டு இன்னும் ஓடுகிறது என்று அர்த்தம், மருத்துவரைப் பார்த்துக் குறைத்துக்கொள்ளுங்கள்.

படி 10: வேலை மாறுவதும் அடுத்த வருடமும்

எடை குறைந்ததும் தன்னம்பிக்கை வரும், வேறு வேலை தேடத் தோன்றும். நல்லதுதான், ஆனால் முதல் ஆறு மாதத்தில் மாறுவதாக இருந்தால் காப்பீட்டைப் பாருங்கள். பழைய கம்பெனியின் குரூப் பாலிசி கடைசி நாளோடு போய்விடும். பித்தப்பைக் கல், குடலடைப்பு போன்றவை மாதங்கள் கழித்தும் வரக்கூடியவை. குரூப் பாலிசியிலிருந்து அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி உண்டு, வெளியேறும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். புது வேலையின் மருத்துவப் பரிசோதனைப் படிவத்தில் "முன்பு அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறதா" என்று கேட்டிருந்தால் மறைக்காதீர்கள். பின்னால் கிளெய்ம் வரும்போது அதுவே காரணமாகிவிடும். நேர்முகத் தேர்வில் யாராவது வாயால் கேட்டால் பதில் சொல்வது உங்கள் விருப்பம்.

ரத்தப் பரிசோதனைகள் முதல் வருடத்தில் சில முறை, பிறகு வருடம் ஒருமுறை என்று வரும். இரும்பு, பி12, டி, கால்சியம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். வருடத் தொடக்கத்திலேயே அதற்கு ஒரு நாள் லீவை ஒதுக்கிவிடுங்கள். நன்றாக இருக்கிறோம் என்று நினைத்து விட்டுவிடுபவர்கள்தான் இரண்டு மூன்று வருடம் கழித்து மூச்சிரைக்கும் ரத்தசோகையோடு வருகிறார்கள். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்களை ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் தள்ளிப்போடச் சொல்வது வழக்கம். பேறுகால விடுப்பையும் அதற்கேற்பக் கணக்கிடலாம்.

நிறைய எடை இறங்கியவர்களுக்கு வயிற்றிலும் கையிலும் தோல் தொங்கும். அதை எடுக்கும் அறுவை சிகிச்சையை எடை நிலைபெற்ற பிறகு, ஒன்றரை வருடம் வாக்கில் செய்வார்கள். அழகுக்கான சிகிச்சை என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் பணம் தருவதில்லை. தோல் மடிப்பில் ஓயாமல் புண்ணும் தொற்றும் வந்தால் மருத்துவர் குறிப்போடு விண்ணப்பித்துப் பார்க்கலாம். அந்தக் காயங்கள் லேப்ராஸ்கோபித் துளைகளைவிட மிகப் பெரியவை. அதற்கும் சில வார லீவ் வேண்டும், இப்போதிருந்தே விடுப்பைச் சேர்த்து வைக்கத் தொடங்குங்கள்.